ஒரு டன்னுக்கு ஒரு குடம்

முப்பத்தோரு வருஷம் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இப்படிச் சொன்னால் சோப்புக் கம்பெனியா, பீர் கம்பெனியா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. ராஜஸ்தானில் ஒரு தாமிரச் சுரங்கத்தோடு சேர்ந்த ஆலையில் ஃப்ளோட்டேஷன் பிரிவில் இருந்தேன். ஓமலூர்ப் பக்கத்துக்காரன் அங்கே போய்ச் சேர்ந்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். பால் மில் என்கிற, இரும்பு உருண்டைகள் போட்டுச் சுற்றும் உருளையில் மாவாக அரைபட்டு வரும் பாறைக்குழம்பு, வரிசையாக நிற்கும் தொட்டிகளுக்குள் போகும். அந்தத் தொட்டிக்கு எங்கள் பாஷையில் செல். அடியில் காற்றாடி சுற்றும், காற்று உள்ளே போகும், மேலே நுரை கட்டும். அந்த நுரையில்தான் தாமிரம் இருக்கிறது. மிச்சமெல்லாம் அடியோடு போய் டெய்லிங்ஸ் குட்டையில் சேரும்.

நுரை நன்றாக இருக்கிறதா என்று மீட்டர் சொல்வதற்கு முன்பே ஆள் சொல்லிவிடலாம். எலுமிச்சம்பழம் அளவில், மேலே கருமஞ்சளாக ஒரு மினுமினுப்போடு, விளிம்பைத் தாண்டி விழும்போது சற்றுத் தயங்கி உடைந்தால் அது நல்ல நுரை. வெளுத்துப்போய், கண்ணாடி மாதிரி உள்ளே ஒன்றும் இல்லாமல் பொங்கினால், தாமிரத் தூளைக் குமிழியோடு ஒட்டவைக்கும் சாந்தேட் மருந்து போதவில்லை. பாயசம் மாதிரி கெட்டியாக நகராமல் நின்றால், பைரைட் என்ற வேண்டாத இரும்புக் கனிமமும் சேர்ந்து ஏறுகிறது, சுண்ணாம்பைக் கூட்டு என்று அர்த்தம். சாந்தேட்டுக்கு அழுகிய முட்டைக்கோஸ் வாசனை. நுரைக்காக ஊற்றும் பைன் ஆயிலுக்கு ஃபினாயில் வாசனை. கல்யாணமான புதிதில் என் மனைவி, "ஆஸ்பத்திரி வராண்டாவைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்குதுங்க" என்றாள். பிறகு அவளுக்கும் பழகிவிட்டது.

மகள் வடக்கு வேல்ஸில் டாக்டர். போன ஜூனில் இரண்டு மாதம் அவளோடு இருந்தேன். வந்து மூன்றாம் நாளே, "அப்பா, சும்மா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்காதீங்க, பக்கத்துல மலை, கோட்டை எல்லாம் இருக்கு" என்றாள். நான் கேட்டது ஒரே ஒரு இடம்தான். க்ளாஸ்டிர். அவள் கேள்விப்பட்டதே இல்லை. எட்டு வருஷமாக அந்த ஊர்ப்பக்கம் இருக்கிறாள்!

க்ளாஸ்டிர் பெயரை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டது. தாதுவை எண்ணெயால் பிரித்தெடுக்கும் முறை, ஆலை என்ற அளவில் முதன்முதலாக ஓடிய இடங்களைச் சொல்லும்போது அந்தப் பெயர் வரும். பரீட்சைக்குப் படித்தேன், எழுதினேன், மறந்துவிட்டேன். மகள் வீடு மாறிய பிறகு வரைபடத்தில் அவள் ஊரைத் தேடிக்கொண்டிருந்தபோது திரும்ப அந்தப் பெயர் கண்ணில் பட்டது. காரில் போகிற தூரம்தான்.

டொல்கெத்லாய் என்று ஒரு சின்ன ஊர். கருஞ்சாம்பல் கல் வீடுகள், மேலே ஸ்லேட் ஓடு. இந்தப் பெயரை நான் எழுதியிருப்பது தப்பு. நடுவில் வரும் சத்தத்துக்கு நம்மிடம் எழுத்து இல்லை. நாக்கை லகரத்துக்கு வைத்துக்கொண்டு காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊத வேண்டும். பேரன் சுலபமாகச் சொல்கிறான். அவனுக்குத்தான் பழம் வரமாட்டேன் என்கிறது, பலம் என்கிறான். சரி, கணக்கு நேர்.

ஊருக்கு வடக்கே கோய்ட் அ ப்ரெனின் காடு. அரசரின் காடு என்று பொருள். 1935இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவுக்காக வைத்த பெயர். அரசாங்கம் நட்ட ஊசியிலை மரங்கள், நடுவில் ஆறுகள், மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான பாதைகள். முழங்காலில் சேறோடு ஆட்கள் குதித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பாதைகளுக்குக் கீழே 20 கோடி டன் தாமிரத் தாது கிடக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

அவசரப்படுகிறேன். முதலில் பாறை.

சுமார் 49 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் ஒரு எரிமலையின் அடிவயிறு. அப்போது இங்கே ஐயப்பட்டஸ் என்று ஒரு கடல். அந்தக் கடலின் தரை, இன்றைய வேல்ஸும் தெற்கு இங்கிலாந்தும் இருந்த நிலத்துண்டுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. அப்படிச் செருகும் இடங்களில் எல்லாம் மேலே எரிமலை வரிசை முளைக்கும். இன்று ஆண்டீஸ் மலையில் நடப்பது அதுதான். இங்கே முளைத்ததன் மிச்சம் பக்கத்தில் நிற்கும் ரொபெல் வாவ்ர் மலை. அதன் எரிமலைப் பாறைகளை ஜியாலஜிஸ்டுகள் ரொபெல் தொகுதி என்கிறார்கள். மேலே எரிமலை கக்கிக்கொண்டிருந்தபோது, கீழே பாறைக்குழம்பு அதற்கும் பழைய கேம்ப்ரியன் களிப்பாறை அடுக்குகளுக்குள் புகுந்து, அங்கேயே ஆறி டயரைட்டாகவும் டோனலைட்டாகவும் உறைந்தது. ஆறும்போது அதிலிருந்து பிரிந்த வெந்நீர், சுற்றியிருந்த பாறையை நுணுக்கமாக வெடிக்கவைத்து, அந்த மயிரிழை வெடிப்புகளில் கால்கோபைரைட் என்ற தாமிரத் தாதுவை விட்டுவிட்டுப் போனது. கூடவே பைரைட், கொஞ்சம் மாலிப்டினைட், துளித்துளியாகத் தங்கம்.

இப்படிப்பட்ட படிவுக்குப் பெயர் போர்ஃபிரி காப்பர். சிலியிலும் யூட்டாவிலும் மலையையே குடைந்து எடுப்பது இந்த வகைதான். உலகத்தில் கிடைக்கும் தாமிரத்தில் பெரும்பங்கு இதிலிருந்து வருகிறது. ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் இளசு, சில கோடி வருஷ வயது. எரிமலையின் வயிற்றில் அதிக ஆழமில்லாத இடத்தில் உருவாவதால், மலை தேயத்தேய இவையும் தேய்ந்துபோகும். 49 கோடி வருஷம் தப்பித்து ஒன்று கிடப்பது அபூர்வம். நடுவில் ஒரு கடலே சுருங்கி மறைந்திருக்கிறது, கண்டங்கள் மோதியிருக்கின்றன, பனிப்பாறைகள் வந்து சுரண்டிவிட்டுப் போயிருக்கின்றன.

பனிப்பாறை போன பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

காட்டின் ஒரு ஓரத்தில், ஹெர்மோன் என்ற சின்னக் குடியிருப்புக்குப் பக்கத்தில், டொல்வ்ருயினோக் என்று ஒரு பண்ணை. அங்கே ஒரு சதுப்பு. ஊட்டிக்கு மேலே அவலாஞ்சிப் பக்கம் போயிருந்தால் தெரிந்திருக்கும், புல்வெளிப் பள்ளங்களில் காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும் கரிய மண். அழுகியும் அழுகாத செடிகொடி ஆயிரக்கணக்கான வருஷமாகப் படிந்தது. பீட் என்பார்கள், டர்ஃப் என்றும் சொல்வார்கள். குளிர்நாடுகளில் இதைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். நம் ஊர் வரட்டிதான், மாடு மட்டும் நடுவில் இல்லை.

சுற்றியுள்ள பாறையில் இருக்கும் பைரைட் மழைத் தண்ணீரும் காற்றும் பட்டு அமிலமாகிறது. அந்த அமிலம் கால்கோபைரைட்டில் இருக்கும் தாமிரத்தைக் கரைத்துக்கொண்டு சரிவில் கசிந்து இறங்குகிறது. சதுப்புக்குள் நுழைந்ததும் பீட் அந்தத் தாமிரத்தைக் கவ்விக்கொள்கிறது. மக்கிய செடியில் இருக்கும் அமிலங்களுக்குத் தாமிரம் என்றால் அவ்வளவு ஆசை, பிடித்தால் விடாது. தண்ணீர் போய்விடும், தாமிரம் தங்கிவிடும். பல ஆயிரம் வருஷம் இப்படி நடந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாருக்கோ இது தெரிந்தது. பீட்டை வெட்டினார்கள், காயவைத்தார்கள், சூளையில் எரித்தார்கள். எரித்த பிறகு மிஞ்சிய சாம்பலைக் கப்பலேற்றித் தெற்கே ஸ்வான்சீக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு உலகத்தின் தாமிர உருக்காலைகள் பெரும்பாலும் அங்கேதான். சாம்பலை உருக்கினால் தாமிரம்! வில்லியம் ஜோரி ஹென்வுட் என்ற கார்ன்வால்காரர், சுரங்கங்களை அளந்து எழுதியே வாழ்ந்த மனிதர், 1857இல் மெரியனெத் என்ற இந்த வட்டாரத்தின் தாமிர பீட்டைப் பற்றி ஒரு குறிப்பே எழுதியிருக்கிறார்.

என் அம்மா செப்புக் குடத்தைச் சாம்பலும் புளியும் போட்டு விளக்குவாள். வெயிலில் கவிழ்த்து வைத்தால் கண் கூசும். சாம்பலால் செம்பு விளக்கிப் பார்த்திருக்கிறேன், சாம்பலுக்குள்ளிருந்தே செம்பு எடுத்தவர்களை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். சுரங்கம் என்று பெயர், ஆனால் ஒரு குழிகூட இல்லை, ஒரு வேட்டுகூட வைக்கவில்லை. டர்ஃப் தாமிரச் சுரங்கம் என்றே இன்றும் பழைய வரைபடங்களில் இருக்கிறது.

இன்று அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று மகள் முதலில் நினைத்தாள். புல், கோரை, ஈரம். பேரன்தான் கண்டுபிடித்தான், "தாத்தா, பிங்க் பந்து!" சாண் உயரக் காம்பு, நுனியில் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக இளஞ்சிவப்புப் பூங்கொத்து. திரிஃப்ட் என்று பெயர். இது கடற்கரைச் செடி. உப்புக்காற்று அடிக்கிற பாறை விளிம்பில்தான் பெரும்பாலும் வளரும். இரண்டு வாரம் முன்னால் கடலோரத்தில் அதே பூவைப் பார்த்திருந்தோம். இங்கே கடலும் இல்லை, உப்பும் இல்லை. ஆனால் வேறு செடிகளைக் கொன்றுவிடும் அளவு தாமிரம் இருக்கிறது. கடலோரத்தில் உப்பைத் தாங்கக் கற்ற செடி இங்கே தாமிரத்தைத் தாங்கிக்கொண்டு, போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் ராஜாவாக இருக்கிறது. 1980 வாக்கில் ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சதுப்பின் திரிஃப்டையே எடுத்துப் பரிசோதித்து, தாமிரத்தை உள்ளே எங்கே வைத்துக்கொள்கிறது என்று கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

நான் குனிந்து பூவைப் பார்க்கப்போய் இடது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. இழுத்தபோது பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எப்படி என்று அவள் அம்மாவிடம் கற்றிருக்கிறாள்.

பேரனுக்கு ஒரு வித்தை காட்டுகிறேன் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன். தாமிரம் கரைந்த தண்ணீரில் இரும்பைப் போட்டால், இரும்பு கரைந்து அதன்மேல் செம்பு படியும். ஆங்கில்ஸி தீவில் பாரிஸ் மலைச் சுரங்கத்தில் பழைய இரும்பைக் குட்டைகளில் போட்டு டன் கணக்கில் தாமிரம் எடுத்திருக்கிறார்கள். எங்கள் ஆலையில் புதுசாகச் சேருகிற பையன்களிடம், ஆணியைச் செம்பாக்கிக் காட்டுவது வழக்கமான விளையாட்டு. அதனால் ஒரு ஜாம் பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து, ஒரு ஆணியை உரசிச் சுத்தம் செய்து உள்ளே போட்டுக் கொடுத்தேன். மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

அப்புறம் க்ளாஸ்டிர்.

சில கிலோமீட்டர் தெற்கே, அதே காட்டுக்குள். வேல்ஷில் க்ளாஸ் என்றால் நீலமும்தான், பச்சையும்தான். டிர் என்றால் நிலம். இங்கே தாது இருக்கும் விதம் வேறு. வெந்நீரும் ஆவியும் ஒரே இடத்தில் முட்டிமோதி பாறையை நொறுக்கி, குழாய் மாதிரி செங்குத்தாக ஒரு நொறுங்கல் தூண் உண்டாக்கியிருக்கிறது. நொறுங்கிய துண்டுகளின் இடுக்குகளில் தாமிரத் தாது. 1850களில் வெட்டத் தொடங்கினார்கள். தாது இருந்தது, ஆனால் மிகவும் பொடிப்பொடியாக. அன்றைக்கு இருந்த முறை, அரைத்துத் தண்ணீரில் அலசுவது. கனமானது அடியில் தங்கும், லேசானது ஓடிவிடும். நம் வீட்டில் அரிசி களைந்து கல் அரிப்பதுபோல. பெரிய கல்லுக்கு அது சரி. மாவாக அரைத்தால்தான் தாது விடுபடும் என்ற நிலையில், தாமிரமும் மாவாகித் தண்ணீரோடு போய்விடும். வெட்டியதில் பாதி ஆற்றோடு.

எல்மோர் குடும்பம் 1896இல் இதை வாங்கியது. மின்சாரத்தால் தாமிரத்தைச் சுத்தம் செய்யும் தொழிலில் இருந்தவர்கள். ஃபிராங்க் எல்மோரும் தம்பி ஸ்டான்லியும் இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டினார்கள். 1898இல் ஃபிராங்க் பேடண்ட் எடுத்த முறை இதுதான்: அரைத்த குழம்போடு கெட்டி எண்ணெயைக் கலந்து பிசை. எண்ணெய் தாமிரத் தூளோடு ஒட்டிக்கொள்ளும், வெறும் பாறைத் தூளோடு ஒட்டாது. அப்படியே விட்டால் எண்ணெய் தாமிரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே மிதக்கும். வழித்து எடுத்துக்கொள்.

பேரனிடம் இதைச் சொல்ல அதிகம் கஷ்டப்படவில்லை. மோர் கடைவதை அவன் பார்த்ததில்லை, அதனால் வெண்ணெய் உதவவில்லை. ஆனால் இங்கே பூங்காவில் அல்லி இலைமேல் தண்ணீர் உருண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறான். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் வைராக்கியத்துக்குச் சொல்வதுதான் என் தொழிலின் முழு ரகசியம். தண்ணீர் ஒட்டாத தூள் எண்ணெயோடு போகும், இல்லையென்றால் காற்றுக்குமிழியோடு போகும். தண்ணீர் ஒட்டும் தூள் முழுகும். எந்தத் தூளைத் தாமரை இலையாக்குவது என்பதில்தான் வித்தை. நாங்கள் ஊற்றிய சாந்தேட் அதைத்தான் செய்யும்.

எண்ணெய் தாதுவைப் பிடிக்கும் என்று கண்டுபிடித்த முதல் ஆள் எல்மோர் இல்லை. 1877இலேயே ஜெர்மனியில் பெஸ்ஸல் சகோதரர்கள் கிராஃபைட்டை இப்படி மிதக்கவைத்தார்கள். 1886இல் அமெரிக்காவில் கேரி எவர்சன் என்ற பெண்மணி பேடண்ட் வாங்கினார், பணம்தான் வரவில்லை. ஆனால் தாமிரத் தாதுவுக்கு இதை ஒரு ஆலையாக நிறுத்தி ஓட்டிக்காட்டியது இந்தச் சரிவில். என்ன, ஒரு டன் தாதுவுக்கு ஏறக்குறைய ஒரு டன் எண்ணெய் சுற்றவிட வேண்டியிருந்தது. எங்கள் ஸ்டோர் கீப்பர் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். 1904இல் அவர்களே வெற்றிடத்தால் குமிழி கிளப்பும் முறைக்கு வந்தார்கள். அடுத்த வருஷமே லண்டனில் இன்னொரு கூட்டம், எண்ணெயைச் சொட்டுக் கணக்காகக் குறைத்து, வேகமாகக் கலக்கி, காற்று நுரையால் தூக்கலாம் என்று பேடண்ட் எடுத்தது. பிறகு ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில், அமெரிக்கா என்று உலகம் முழுக்க நுரை. வழக்குகளும் வருஷக்கணக்கில் நடந்தன. க்ளாஸ்டிர் 1914இல் மூடப்பட்டது.

இப்போது அங்கே இருப்பது சரிவில் படிப்படியாக இறங்கும் கல் சுவர்களும் கான்கிரீட் மேடைகளும். பாசி, பெரணி, மேலே மரம். மேலே தாதுவைக் கொட்டி, ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கி, கடைசிப் படியில் கான்சன்ட்ரேட், அதாவது பிரித்தெடுத்த தாதுத் தூள். எந்தப் படியில் என்ன இருந்திருக்கும் என்று பலகையைப் படிக்காமலே சொல்லிக்கொண்டு போனேன். இங்கே அரைவை, இங்கே கலக்கும் உருளை, இங்கே ஆள் நின்று பார்த்திருப்பான். நின்று பார்க்கிற இடத்தில் நானும் கொஞ்ச நேரம் நின்றேன். மழை தூறியது. மகள் குடை பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஆலைக்கு அவளை ஒரே ஒரு தடவைதான் கூட்டிப்போயிருக்கிறேன், ஆறு வயதில். நாற்றம் தாங்காமல் அழுதாள்.

இனி அந்த 20 கோடி டன்.

1960களின் கடைசியில் ரியோ டின்டோ ஜிங்க் கம்பெனியின் தேடல் பிரிவான ரியோஃபினெக்ஸ் இந்தக் காட்டுக்குள் வந்தது. அவர்கள் தேடியது பழையவர்கள் துரத்திக்கொண்டு போன, பாறைக்குள் நரம்பு மாதிரி ஓடும் தாது வரிகளை இல்லை. மலை முழுக்கத் தூவிக்கிடக்கும் ஏழைத் தாதுவை. வரிசை போட்டு மண் எடுப்பார்கள், காயவைத்துச் சலிப்பார்கள், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு தாமிரம் என்று பார்ப்பார்கள், வரைபடத்தில் ஒரே எண்களைக் கோடு போட்டு இணைப்பார்கள். இங்கே ஒரு சிக்கல். நான் மேலே சொன்ன பீட் இருக்கிறதே, அது ஏமாற்றுக்காரன். அதில் எண் எகிறும், ஆனால் தோண்டினால் அடியில் தாது இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தண்ணீர் எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்தது அது. பனிப்பாறை இழுத்துவந்து பூசிய களிமண் வேறு பாறையை மூடியிருக்கிறது. கடைசியில் துளைபோட்டுப் பார்த்தால்தான் உண்டு.

துளைபோடத்தான் வம்பு வந்தது. இந்த இடம் 1951இல் அறிவித்த ஸ்னோடோனியா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வேலை கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் ஒரு பக்கம், மலையைக் குடைந்துவிடுவார்கள் என்று பதறியவர்கள் இன்னொரு பக்கம். பொது விசாரணை நடந்தது, நிபந்தனைகளோடு அனுமதியும் கிடைத்தது. அரசாங்கத்தின் தமாஷையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பூங்காவைக் காப்போம் என்கிறது, 1972இல் அதே அரசாங்கம் உள்நாட்டில் உலோகம் தேடுகிறவர்களுக்குச் செலவில் 35 சதவீதம் கொடுக்க ஒரு சட்டம் போடுகிறது. அதே வருஷம்தான் அந்தக் கம்பெனி குடும்பத்தின் பூகன்வில் சுரங்கம் பசிபிக் தீவில் திறந்தது. அதுவும் போர்ஃபிரி காப்பர்தான், ஆனால் தாமிரம் கூடுதல், தங்கமும் நிறைய. அந்தத் தீவுக்காரர்கள் பட்டதும், 1989இல் சண்டை மூண்டு அது மூடியதும் தனிக்கதை.

1973இல் ரியோ டின்டோ ஜிங்க் இங்கிருந்து மூட்டை கட்டியது. 1976இல் வெளிவந்த கட்டுரையில்தான் கணக்கு வந்தது: சுமார் 20 கோடி டன், தாமிரம் 0.3 சதவீதம்.

இந்த 0.3ஐ நான் பேரனுக்குக் குடத்தில் சொன்னேன். அம்மாவின் செப்புக் குடம் மூன்று கிலோ இருக்கும். ஒரு டன் பாறையை உடைத்து, மாவாக அரைத்து, நுரைகட்டி எடுத்தால் ஒரு குடம். அதிலும் நுரை எல்லாவற்றையும் பிடிக்காது, பத்தில் ஒன்றாவது தப்பும், கழுத்தும் விளிம்பும் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோ சாம்பல் நிறச் சேறு. 20 கோடி குடம் வேண்டுமென்றால் 20 கோடி டன் சேறு. அதை எந்தப் பள்ளத்தாக்கில் கொட்டுவது? இங்கே இருப்பதே மூன்று நான்கு பள்ளத்தாக்கு. எங்கள் டெய்லிங்ஸ் குட்டை பாலைவனத்தில் இருந்தது, அப்படியும் காற்றடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள் தட்டுமேல் எல்லாம் படியும். சோற்றில் நறநறக்கும். எழுதிக்கொடுத்தால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

முடியாத தாது என்று சொல்லிவிட முடியாது. ஸ்வீடனில் ஐடிக் என்று ஒரு சுரங்கம், 1968இல் ஆரம்பித்தது, இன்று 0.2 சதவீதத்தைச் சுற்றித்தான் வெட்டுகிறார்கள், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கெல்லாம் அடிப்படை நுரைதான். அலசும் காலத்தில் 0.3 சதவீதம் என்றால் அது தாதுவே இல்லை, வெறும் கல். க்ளாஸ்டிரில் எண்ணெய் பிசைந்த அண்ணன் தம்பிதான் அதைத் தாதுவாக்கினார்கள். எந்தச் சரிவில் அந்த முறை பிறந்ததோ, அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், அந்த முறைக்காகவே செய்துவைத்தது போன்ற படிவு ஒன்று கிடக்கிறது. ஒரு டன்கூட ஆலைக்கு வரவில்லை. மகள் காரில் திரும்பும்போது, "உங்களுக்கு வருத்தமா இருக்காப்பா, சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷச் சாப்பாடு அதிலிருந்து வந்தது, அந்தத் தட்டில் படிந்த தூசியும் அதிலிருந்துதான் வந்தது. "பூட்ஸ் ஈரமா இருக்கு கண்ணு" என்றேன்.

ஒன்று மட்டும் சொல்லலாம். நான் அங்கே அரைவை ஷிப்டில் இருந்து, அந்தக் காட்டுக்குக் கீழே வெட்டலாமா என்று என்னைக் கேட்டிருந்தால், செல் ரெடி என்றுதான் சொல்லியிருப்பேன். எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். தாது வந்தால் நுரைகட்டு. எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பிரிவு வேறு.

பாட்டில் சமையலறை ஜன்னலில் இருந்தது. மறுநாள் ஆணியைச் சுற்றி மெல்லிய பழுப்பு. மூன்றாம் நாள் நல்ல துரு. நம் ஊர் வாளியில் போட்டாலும் இதுதான் வந்திருக்கும். ஓடை அந்த அளவுக்குத் தாமிரம் தூக்கவில்லை, இல்லையென்றால் நான் பிடித்தது சதுப்பு வடிகட்டிவிட்ட தண்ணீர். நான் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

ஊருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது பின்னால் ஜன்னலில் அதே பாட்டில். தண்ணீர் காபி நிறத்துக்கு வந்துவிட்டது. "தூக்கிப் போடலாம்னா அழறான்ப்பா" என்றாள் மகள். அவன் பாட்டிலைக் கேமராவுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டினான். "தாத்தா, இந்தப் பக்கம் பாருங்க, கொஞ்சம் பச்சையா இல்ல?"

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பாசி.